மழை லீவு அன்னைக்கு ஒரு கோடு

தப்பு செஞ்சேன்னு என் வாயால சொல்ல வைக்கத்தான வந்திருக்கிய? சொல்ல மாட்டேன். அத முதல்லயே சொல்லிப்புடுதேன், பின்னால வருத்தப்படப்படாது பாருங்க. அமெரிக்காவுல இருந்து வந்திருக்கிய, பஸ் ஸ்டாண்டுல இருந்து இந்த வெயில்ல நடந்து வேற வந்திருக்கிய. உக்காருங்க, கலர் குடிங்க. அந்த ஃபைலை மட்டும் கீழ வைங்க. அத இப்பத் திறக்க வேண்டாம். உள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும். எங்க பழைய பிரின்சிபால் ஆலந்தரம்மா எழுதின புஸ்தகத்துல என்னப் பத்தி வந்த பக்கம் இருக்கும். நாப்பது வருசமா எனக்கு அது தெரியும்.

மெர்லினா உங்க பேரு? அப்பா சாயர்புரமா? அப்ப நம்ம பக்கந்தான். அமெரிக்காவுலயே பொறந்து வளந்தாலும் தமிழ் நல்லாத்தான் பேசுதிய. ஆலந்தரம்மா பிரசிடென்டா இருந்த காலேஜ்லயே வாத்தியார் வேலையோ. சரி, சரி. அவிய போன வருசம் இறந்துட்டாவன்னு திருச்சபைப் பத்திரிகையில போட்டிருந்தான். தொண்ணூத்தொரு வயசு. நல்ல சாவுதான்.

உள்ள பாத்திரம் உருட்டுதது என் மவ பியூலா. இந்தக் கிருபாபுரம் பெண்கள் காலேஜ்ல இப்ப அவதான் ஆபீஸ் சூப்பரிண்டெண்டு. நான் கிளார்க்கா இருந்த அதே ஆபீஸ். நீங்க வாரியன்னு தெரிஞ்சதுல இருந்து அவளுக்கு மூஞ்சியே சரியில்ல. எம்மா, பழசைக் கிண்டாத, நாளைக்கு நான் போயி அந்தச் சேர்ல உக்காரணும்னு காலையில இருந்து மூணு தடவை சொல்லிட்டா. அவ சொல்லுததும் நியாயந்தான். ரெஜிஸ்டர்ல கை வச்சவ மவன்னு நாலு பேரு பேசினா அவளுக்குத்தான கேவலம். நான் எழுபத்தாறு வயசுக்காரி. என்ன எவன் என்ன செய்ய முடியும்? பென்ஷன நிறுத்துவானா? நிறுத்தட்டும்.

ஆலந்தரம்மா பேரு மார்த்தா ஹாலந்தர். எங்க வாயில அது நுழையல, ஆலந்தரம்மான்னுட்டோம். அவியளும் ஒண்ணும் சொல்லல. அமெரிக்காவுல இருந்து முப்பது வயசுல இங்க வந்தாவ, காலேஜ்ல பிலாசபி எடுக்க. ஆறடி உசரம், ஆம்பளைச் செருப்பு, கையில ஒரு கருப்புக் குடை. ரெண்டே வருசத்துல தமிழ் படிச்சிட்டாவ. படிச்சாவன்னா சும்மா இல்ல, மீன்காரிகிட்ட பேரம் பேசுத அளவுக்கு. அப்புறம் பிரின்சிபால் ஆக்கினாவ. வெள்ளிக்கிழமை கடைசி மணி நேரம் மொத்த காலேஜும் ஹால்ல உக்காரணும். நன்னெறி வகுப்புன்னு பேரு. அம்மா ஒரு கேள்வி கேப்பாவ, பிள்ளையெல்லாம் வாதாடிச் சண்டை போடணும். ஆபீஸ்காரங்களும் பின்னால நின்னு கேக்கலாம். நான் ஒரு வெள்ளி கூட விட்டதில்ல.

ஒரு தடவை கேட்டாவ. ஒரு பிள்ளை காலையில பரிச்சை எழுதப் போறா, வீட்டுல அவ அப்பா செத்துப்போனாருன்னு தந்தி வருது. இப்பச் சொல்லணுமா, எழுதி முடிச்ச பிறகு சொல்லணுமா? நாங்க எல்லாரும் பிறகுதான்னோம். மூணு மணி நேரத்துல என்ன குடி முழுகிப் போவுதுன்னோம். அம்மா தலையை ஆட்டுனாவ. இப்பவே சொல்லணும், அது அந்தப் பிள்ளையோட துக்கம், அத மூணு மணி நேரம் நீங்க கையில வச்சுக்கிட உங்களுக்கு உரிமை கிடையாதுன்னாவ. எனக்கு அன்னைக்கு ராத்திரி சோறு இறங்கல.

சொல்லுததோட விட்டாலும் பரவாயில்ல. செஞ்சும் காட்டுவாவ, அதுதான் பாடு. ஒரு தடவை மேலத்தெரு சபை மூப்பர் மச்சினிச்சிக்கு சீட்டு கேட்டு வந்தாரு. எங்க பியூன் அம்மா வெளியூர் போயிருக்காவன்னுட்டான். அம்மா ஜன்னல் வழியா கேட்டுட்டாவ. எந்திரிச்சு குடையக் கூட எடுக்காம ஓடுதாவ பாருங்க, பஸ் ஸ்டாண்டு வரைக்கும். பஸ்ல ஏறப்போன மனுசனை நிறுத்தி, நான் உள்ளதான் இருந்தேன், உங்களைப் பாக்க எனக்கு இஷ்டமில்ல, அதுதான் உண்மை அப்படின்னுட்டு வந்துட்டாவ. மூப்பர் ஆறு மாசம் எங்க யாருகூடயும் பேசல. இப்படி ஒரு பொம்பளைகிட்ட நான் எட்டு வருசம் வேலை பாத்திருக்கேன், பாத்துக்கிடுங்க. காய்ச்சல்னு லீவு கேக்கணும்னா உண்மையிலயே காய்ச்சல் வரணும்.

சுயம்புக்கனி பேரு உங்களுக்குத் தெரியாது. தெரிஞ்சிருக்காது. தேரிக்காட்டுப் பக்கத்துப் பிள்ளை, பி.ஏ. மூணாம் வருசம். அவ அம்மைக்கு இடுப்புக்குக் கீழ விளங்காமப் போயிட்டு. பொங்க, துவைக்க, தூக்கி இருத்த எல்லாத்துக்கும் இவதான். அதுலயும் காலையில நாலு மணிக்கு எந்திரிச்சு வேலைய முடிச்சிட்டு முதல் பஸ்ஸப் பிடிச்சு வருவா. பஸ்ஸ விட்ட நாளு வர மாட்டா. வருசக் கடைசியில நான் ரெஜிஸ்டரைக் கூட்டிப் பாத்தா பதினொரு நாள் குறையுது. வருகை குறைஞ்சா ஹால் டிக்கெட் கிடையாது. பிரின்சிபால் மனசு வச்சா பத்து நாள் வரைக்கும் மன்னிக்கலாம். அதுக்கு மேல அவியளுக்கே அதிகாரம் கிடையாது. யுனிவர்சிட்டி விதி.

அவ அப்பன் அதுக்கு முன்னாலயே சொல்லிட்டானாம், இந்த வருசம் எழுதலன்னா இன்னொரு வருசமெல்லாம் அனுப்ப மாட்டேன்னு. பம்பாயில கடை வச்சிருக்குத தாய்மாமன் ஒருத்தன், பொண்டாட்டி செத்துட்டா, முப்பத்தெட்டு வயசு, அவனுக்குக் கட்டிக் குடுக்கப் போறேன்னு. இந்தப் பிள்ளை வந்து என் மேசை முன்னால நிக்கா. அழல கேட்டியளா, அழுதிருந்தாக்கூட நான் மேம்போக்கா ஏதாச்சும் சொல்லி அனுப்பிருப்பேன். எத்தனை நாள் குறையுதுக்கான்னு கேட்டா. பதினொண்ணுன்னேன். சரிக்கான்னு திரும்பிட்டா. அந்தச் சரிதான் என்னால தாங்க முடியல. எனக்கும் தகப்பன் கிடையாது, ரெண்டு தம்பிமாரை வச்சுக்கிட்டு தற்காலிக வேலையில உக்காந்திருந்தவதான் நான். அந்தச் சரி என்னன்னு எனக்குத் தெரியும்.

நேரே அம்மா ரூமுக்குப் போனேன். சொன்னேன். ஒரு நாள்தானம்மா, ஒரே ஒரு நாளுன்னேன். அம்மா பேனாவைக் கீழ வச்சாவ. அவியளுக்கும் அந்தப் பிள்ளையப் பிடிக்கும். வெள்ளிக்கிழமை சண்டையில முதல்ல எந்திரிக்கவ அவதான்.

"பத்துன்னா இப்பவே கையெழுத்துப் போடுவேன் எப்சிபா. பதினொண்ணுக்கு எனக்கு உரிமை இல்ல. ஒரு நாளுன்னாலும் அது நடந்த நாளு."

எனக்கு வந்த ஆத்திரம் சொல்லி முடியாது. இந்த ஊருல எவளாச்சும் வாழ வேண்டாமான்னு மனசுக்குள்ள திட்டிக்கிட்டேதான் வெளிய வந்தேன். இப்பவும் சொல்லுதேன், அந்த ஆத்திரம் சரியான ஆத்திரம்.

எங்க ரெஜிஸ்டர் எப்படின்னு சொன்னாத்தான் உங்களுக்குப் புரியும். பெரிய நோட்டு, இந்தா இந்த மேசை அகலம் இருக்கும். ஒரு பிள்ளைக்கு ஒரு வரிசை, ஒரு நாளைக்கு ஒரு கட்டம். வந்தா நீல மையில ஒரு சாய்வு கோடு, வரலன்னா சிவப்பு மையில ஏ. எங்கன திருத்தினாலும் பக்கத்துலயே திருத்தினவ சிவப்பு மையில இன்ஷியல் போடணும். யாரு கை வச்சாவன்னு தெரியணும்லா, அதுக்கு. ஏ-ய அழிச்சா தாள் கிழியும், பாத்த உடனே தெரிஞ்சிரும். அதனால நான் என்ன செஞ்சேன்னா, அடிக்கட்டைய எடுத்து, நாங்க ஸ்கேலை அடிக்கட்டைன்னுதான் சொல்லுவோம், சுயம்புக்கனி வரிசைக்குக் கீழ வச்சு, ஒவ்வொரு கட்டமா பாத்துக்கிட்டே வந்தேன். கார்த்திகை மாசத்துல ஒரு கட்டம் காலியா இருந்துச்சு. கோடும் இல்ல, ஏ-யும் இல்ல. ஆண்டவர் எனக்காகவே விட்டு வச்ச மாதிரி. யாரோ டீச்சர் போட மறந்துட்டாவ போலன்னு நினைச்சு நீல மையில ஒரு கோடு போட்டேன். அவ்வளவுதான். என் வாழ்க்கையில நான் போட்ட பொய் அந்த ஒரு கோடுதான். இன்ஷியல் போடல. திருடுதவ பேரை எழுதி வச்சிட்டா போவா?

பத்து நாள்னு கூட்டிப் போட்டு அம்மாகிட்ட கொண்டு போனேன். பத்தான்னு கேட்டாவ. முதல்ல கூட்டுனதுல பிசகிட்டும்மான்னேன். அம்மா நோட்டைக் கூடப் பாக்கல. நல்லதுன்னு சிரிச்சு கையெழுத்துப் போட்டாவ. என்ன நம்பினாவ. அது மட்டும் எனக்குக் கொஞ்சம் உறுத்தும். கொஞ்சந்தான்.

அடுத்த திங்கக்கிழமை பரிச்சை ஆரம்பம். வியாழக்கிழமை யுனிவர்சிட்டியில இருந்து கமிஷன் வந்துட்டு. மூணு பேரு. காலேஜுக்கு அங்கீகாரம் குடுக்கதுக்காக எல்லாத்தையும் புரட்டிப் பாப்பாவ. ரெண்டு பேரு மத்தியானச் சாப்பாட்டையே பாத்துக்கிட்டு இருந்தாவ. மூணாவது ஆளு இருக்கானே, கண்ணாடிய நெத்தியில ஏத்திக்கிட்டு ரெஜிஸ்டரை ஒவ்வொரு பக்கமா விரலை வச்சுப் பாக்கான். நான் வரிசைய இடமிருந்து வலமாப் பாத்தேன். அவன் மேலயிருந்து கீழ பாத்துட்டான்.

அந்தக் கட்டம் சுயம்புக்கனிக்கு மட்டும் காலி இல்லம்மா. நாப்பத்தி மூணு பிள்ளைக்கும் காலி. அன்னைக்குக் காலேஜே கிடையாது. குளம் உடைஞ்சு ரோடெல்லாம் தண்ணி, கலெக்டர் லீவு விட்ட நாளு. மழை லீவுன்னு மேல எழுதணும், நாந்தான் எழுதியிருக்கணும், எழுதாம விட்டிருக்கேன். அந்த மழையில, ரோடே இல்லாத அன்னைக்கு, தேரிக்காட்டுல இருந்து ஒருத்தி மட்டும் காலேஜுக்கு வந்துட்டுப் போயிருக்கா. என் கைய வெட்டிப் போட்டாத்தான் என்னன்னு இருந்துச்சு. அடிக்கட்டைய எடுத்துட்டு ஒருக்க மேலயும் கீழயும் பாத்திருந்தா போதும். பாக்கல.

அந்த ஆளு இளிச்சுக்கிட்டே கேக்கான், இந்த ஒரு மாணவிக்காக மட்டும் அன்னைக்குக் காலேஜைத் திறந்து வச்சியளோன்னு. அம்மா எந்திரிச்சு வந்து நோட்டைப் பாத்தாவ. கட்டத்தைப் பாத்தாவ. பேரைப் பாத்தாவ. பிறகு என்னப் பாத்தாவ. நான் பீரோ பக்கத்துல நிக்கேன். பத்துக்கும் பதினொண்ணுக்கும் நடுவுல என்ன நடந்துச்சுன்னு அவியளுக்கு அந்த நிமிசம் புரிஞ்சுட்டு. கமிஷன்காரன் இத யாரு போட்டதுன்னு கேட்டான். கிளார்க்கா, யாரு கிளார்க்குன்னான். நான் வாயத் திறந்தேன். சத்தியமாத் திறந்தேன். ஒண்ணும் வரல.

அம்மா மேசையில இருந்த சிவப்புப் பேனாவை எடுத்தாவ. நின்ன வாக்குலயே குனிஞ்சு, அந்தக் கோட்டுக்குப் பக்கத்துல எம்.எச்.னு இன்ஷியல் போட்டாவ.

"நான் போட்டேன். பக்கத்துல கையெழுத்துப் போட மறந்துட்டேன். இப்பப் போட்டாச்சு."

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஓடின பொம்பளம்மா அது. பிரின்சிபாலே ஒத்துக்கிட்ட பிறகு கிளார்க்கை எதுக்குக் கேக்கப் போறான்? பரிச்சை நாலு நாள்ல, ஹால் டிக்கெட் குடுத்தாச்சு, பிள்ளை எழுதட்டும், பிரின்சிபால் மேல ரிப்போர்ட் போடுதோம்னு சொல்லிட்டு சாப்பிடப் போயிட்டாவ. கோழி வச்சிருந்தோம்.

சாயங்காலம் அம்மா என்னக் கூப்பிட்டாவ. ரெண்டு அடி அடிச்சாக்கூட வாங்கிக்கிடலாம்னுதான் போனேன். அம்மா முதல்ல தண்ணி கேட்டாவ. டம்ளரைப் பிடிச்ச கை நடுங்குச்சு. எப்சிபா, உனக்குப் பொய் எழுதக்கூடத் தெரியலன்னாவ. சிரிச்ச மாதிரியும் இருந்துச்சு, இல்லாத மாதிரியும் இருந்துச்சு. நான் ஓன்னு அழுதேன். அழாத, வேலையப் பாருன்னாவ. கதவுகிட்ட போகும்போது திரும்பக் கூப்பிட்டு ஒண்ணு சொன்னாவ.

"இத நீயா ஒரு நாள் சொல்லணும். நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்."

எனக்கு அது எப்படி இருந்துச்சுங்கிய? கழுத்துல கல்லைக் கட்டிவிட்ட மாதிரி இருந்துச்சு. எதுக்கு நான் சொல்லணும்? நான் பொய்ச்சாட்சி சொல்லுங்கன்னு அவியகிட்ட கேட்டேனா? அவியளாப் பேனாவ எடுத்தாவ, அவியளாப் போட்டாவ. அது அவிய இஷ்டம். மூணு வாரத்துல ராஜினாமா எழுதிக் குடுத்தாவ. போறதுக்கு முன்னால நிர்வாகக் கமிட்டி ரெண்டு தடவை கூப்பிட்டு அனுப்பிச்சு, கதவைச் சாத்திக்கிட்டு பேசினாவ. என்ன பேசினாவன்னு எனக்கென்ன தெரியும்? அமெரிக்காவுல பெரிய பதவி வந்துட்டுன்னு எல்லாரும் சொன்னாவ, நானும் அப்படித்தான்னு நினைச்சுக்கிட்டேன். அந்த ஜூன் மாசமே என் வேலைய நிரந்தரம் ஆக்கினாவ. அதுக்கான தாளு அம்மா போறதுக்கு மொத நாள் கையெழுத்துப் போட்டது.

பிறகு அங்க போயி காலேஜ் பிரசிடென்ட் ஆனாவ. எங்க பால்காரன் அமெரிக்காவுக்கே பிரசிடென்ட் ஆயிட்டாவன்னு ஊரு பூராச் சொல்லிட்டான், ரெண்டு பேரு காலேஜுக்கு வந்து விசாரிச்சுட்டுக் கூடப் போனாவ. பதினாலு வருசம் இருந்தாவளாமே. புஸ்தகம் நாலோ அஞ்சோ எழுதினாவளாம். பொய், உண்மை, எது சரி, எது தப்பு, எல்லாம் அதே வெள்ளிக்கிழமைச் சரக்குதான். வருசா வருசம் கிறிஸ்மஸுக்கு எனக்கு ஒரு கார்டு வரும், தமிழ்ல விலாசம் எழுதி. முதல்ல ரெண்டு மூணு பிரிச்சேன். நலமா, சுயம்புக்கனி நலமான்னு இருக்கும்.

பிறகு எண்பத்தி நாலுல இங்கிலீஷ் எடுத்த சாரா மிஸ் ஒரு நாள் ஆபீஸுக்கு வந்து, எப்சிபா, அம்மா புஸ்தகத்துல உன் ரெஜிஸ்டர் கதை வந்திருக்குன்னா. எனக்கு ரத்தமெல்லாம் கொதிச்சு ஏறிட்டு. யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்னு சொன்ன மனுசி, கடலுக்கு அங்கிட்டுப் போயி உலகத்துக்கே சொல்லியிருக்காவ. இந்தியாவுல ஒரு கள்ளக் கிளார்க்கு இருந்தான்னு பாடம் நடத்துதாவ. அதுக்கு மேல என்ன இருக்குன்னு நான் கேக்கல. கேக்கத் தேவையில்ல. அன்னையில இருந்து வந்த ஒரு கார்டையும் பிரிக்கல. அன்னா, அந்த பிஸ்கட் டப்பாவுல கிடக்கு, முப்பத்தஞ்சுக்கு மேல இருக்கும்.

சுயம்புக்கனி என்ன ஆனான்னு கேக்குதியளா? எழுதினா, பாஸாயிட்டா. அந்தத் தாய்மாமனையேதான் கட்டிக்கிட்டா. சிரிக்காதிய. அப்பன் விடல, அதுக்கு நான் என்ன செய்ய? ஒன்பது வருசத்துல அவன் போயிச் சேந்துட்டான். ரெண்டு பிள்ளைய இடுப்புல வச்சுக்கிட்டு ஊருக்கு வந்தவளுக்குக் கையில இருந்தது அந்த பி.ஏ. மட்டுந்தான். அத வச்சு பி.எட். படிச்சா, அரசாங்கப் பள்ளிக்கூடத்துல டீச்சரானா, தலைமையாசிரியரா ரிட்டையர் ஆனா. அந்தக் கோடு இல்லன்னா அவ இல்ல. ஒவ்வொரு வருசமும் எங்க கோயில்ல எல்லாருக்கும் சோறு போடுத அசனப் பண்டிகைக்கு ஒரு ஓலைப்பெட்டி நிறைய கருப்பட்டி கொண்டாந்து என் கையில குடுப்பா. நீங்கதான்க்கா எனக்கு வாழ்க்கை குடுத்தியன்னு சொல்லுவா. வாங்கிக்கிடுவேன். அம்மா இன்ஷியல் போட்ட கதைய அவகிட்ட நான் சொன்னதில்ல. சொல்லத் தோணல. இந்த வருசக் கருப்பட்டி உள்ள இருக்கு, போகும்போது கொஞ்சம் கொண்டு போங்க.

ஆச்சு, எல்லாம் சொல்லிட்டேன். இப்ப ஃபைலைத் திறங்க. படிங்க, என்னை எப்படித் திட்டியிருக்காவன்னு நானும் கேக்கேன்.

என்ன, அப்படிப் பாக்குதிய?

கிளார்க்கே வரலியா அதுல?

இருங்க. இருங்கம்மா, மெல்லச் சொல்லுங்க. புஸ்தகத்துல என் பேரு இல்ல. சரி. கிளார்க்குன்னு ஒருத்தியே இல்ல. அந்தக் கோட்டைத் தானே தன் கையால போட்டதா எழுதியிருக்காவளா? நான் ஒரு காலேஜுக்குத் தலைமையா இருந்தபோது ஒரு ஏழைப் பிள்ளைக்காக வருகைப் பதிவைத் திருத்தினேன்னா? அது சரின்னு நிரூபிக்கவும் முடியல, அதுக்காக வருத்தப்படவும் முடியலன்னா எழுதியிருக்காவ?

சவம், இந்தச் சாரா மிஸ்... இல்ல, அவ என்ன செய்வா. உன் ரெஜிஸ்டர்னுதான சொன்னா. நாந்தான் மேல கேக்கல. மறுபடியும் வரிசைய மட்டும் பாத்துருக்கேன்.

யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்னாவ. பொய்யைப் பத்தி எழுதின புஸ்தகத்துலயே எனக்காக அந்தப் பொய்ய எழுதி வச்சிருக்காவ. நாப்பது வருசம். நான் அவியளைப் பேசாத பேச்சு இல்லம்மா. ஜெபத்துல கூடப் பேசியிருக்கேன்.

தண்ணி எடுங்க அந்தச் செம்புல இருந்து. ம்.

சொல்லுங்க, இன்னும் என்னமோ சொல்ல வந்தியளே. உங்க காலேஜ்ல ஒரு கட்டடத்துக்கு அவிய பேரு வச்சிருக்கு. நன்னெறி சொல்லிக்குடுக்குத கட்டடம். இப்ப அந்தப் பக்கத்தைப் பிள்ளைய படிச்சிட்டு, பதிவேட்டைத் திருத்தினவ பேரு எதுக்கு இந்தக் கட்டடத்துக்குன்னு கேக்குதாவ. அடுத்த மாசம் கமிட்டி கூடி பேரை எடுக்குததா வேண்டாமான்னு ஓட்டுப் போடப் போறாவ. நீங்களும் அந்தக் கமிட்டியில ஒருத்தி. உண்மையான்னு கேட்டுட்டுப் போகத்தான் வந்திருக்கிய. என்னைக் குத்தம் சொல்ல வரல. இந்த ஊருல கிளார்க்குன்னு ஒருத்தி இருந்தான்னு உங்களுக்குத் தெரிஞ்சதே நேத்து காலேஜ்ல அந்த ரெஜிஸ்டரைப் பாத்து, அத எழுதினது யாருன்னு விசாரிச்ச பிறகுதான்.

கமிட்டியாம். அங்கயும் நெத்தியில கண்ணாடிய ஏத்திக்கிட்டு ஒருத்தன் இருப்பான்.

பியூலா வாசல்ல வந்து நிக்கா, பாத்தியளா. நீ ஒண்ணும் எழுதிக் குடுக்க வேண்டாம்னு சொல்லுதா. எம்மா, உனக்குக் கோட்டி பிடிச்சிருக்கா, நாளைக்கு நான் எப்படி ஆபீஸுக்குப் போவேன்னு கேக்கா. ஏட்டி, நேராப் போ. தலைய நிமித்திட்டுப் போ. உன் அம்மை என்ன செஞ்சான்னு கேட்டா, ஒரு பிள்ளை பரிச்சை எழுத ஒரு கோடு போட்டான்னு சொல்லு. அது என்ன சாராயம் வித்த மாதிரியா? உன்னைய இந்த வேலையில உக்கார வச்ச அரிசி எங்கருந்து வந்துச்சுன்னு நினைச்சுப் பாரு. அந்த ஜூன் மாசம் எனக்கு வேலை நிரந்தரம் ஆகலன்னா உனக்குச் சோறு ஏது, படிப்பு ஏது? அந்தத் தாளுல யாரு கையெழுத்துன்னு பாத்தியா நீ?

அழாதட்டி. நான் அழுதேனா? வெங்காயம் நறுக்கின கையோட வந்து கண்ணக் கசக்குதா, பாருங்க.

மெர்லினம்மா, எழுதிக்கிடுங்க. தப்பு செஞ்சேன்னு எழுதக் கூடாது. முதல்லயே சொல்லிட்டேன், இப்பவும் அதுதான். செஞ்சது நானுன்னு மட்டும் எழுதுங்க. நாளைக்கு இன்னொரு சுயம்புக்கனி வந்து சரிக்கான்னு திரும்பினா, நாளைக்கும் போடுவேன். இந்தத் தடவை மேலயும் கீழயும் பாத்துட்டுப் போடுவேன். என் முழுப் பேரையும் போடுங்க, சாமுவேல் எப்சிபா. அந்தக் கமிட்டி கேட்டா நானே போன்ல பேசுதேன், இங்கிலீஷ் தெரியாட்டா என்ன, நீங்க பக்கத்துல இருந்து சொல்லுங்க. சுயம்புக்கனிகிட்ட நான் சொல்லிக்கிடுதேன். அது என் வேலை. இந்த வருசக் கருப்பட்டிய அவகிட்டயே திருப்பிக் குடுத்துட்டுச் சொல்லணும். அந்த பிஸ்கட் டப்பாவை நீங்க கேக்காதிய. அத நீங்க போன பிறகு நான் பிரிப்பேன்.

அந்த நோட்டுப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்திருக்கியளா? குடுங்க. ஏட்டி, என் கண்ணாடிய எடு. இந்தா இருக்கு. கார்த்திகை மாசம். நாப்பத்தி மூணு பிள்ளைக்கும் காலி, நடுவுல என் கோடு. பக்கத்துல எம்.எச். கையெழுத்தைப் பாருங்க, நடுங்கவே இல்ல. எல்லாம் பிறகுதான் நடுங்குச்சு.

பேனா குடுங்க. இது இல்லம்மா, சிவப்பு. பியூலா பையில இருக்கும். திருத்தினவதான் இன்ஷியல் போடணும், அதுதான் ஆபீஸ் முறை. எம்.எச்.-ய அடிக்க மாட்டேன், அது பாட்டுக்கு இருக்கட்டும். கீழ போடுதேன். எஸ்.இ.

தேதியும் போடணும். அன்னைக்குத் தேதியா? அதெப்படிம்மா, இன்னைக்குக் கையெழுத்துப் போட்டுட்டு அன்னைக்குத் தேதி போட்டா அது இன்னொரு பொய்யாயிரும்லா. ஆலந்தரம்மா ஒத்துக்கிட மாட்டாவ.

பியூலா, இன்னைக்குத் தேதி என்னட்டி?